தேர்வாளர்களுக்கே தேர்வு வைத்தவர்

1983ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் பொது மருத்துவப் பாடத்தில் நான் தோற்றேன். எந்தக் கல்லூரி, யார் தேர்வாளர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர்களில் ஒருவர் பின்னாளில் எனக்கு நல்ல நண்பராகவே ஆனார். மதுரையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வைத்தியம் பார்த்துவிட்டு, இப்போது ஊருக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் வாரத்துக்கு மூன்று நாள் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கு, அந்தத் தோல்வியைப் பற்றி எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. சென்ற ஐப்பசியில் எங்கள் மாணவர்களுக்கு ‘ஆஸ்கி’ முறையில், அதாவது மாணவர்கள் பல சிறு சோதனை இடங்களைச் சுற்றி வரும் முறையில், ஓர் உள்தேர்வு நடத்தினோம். அதற்கு ஆயத்தமாவதற்காக, அந்த முறையை வகுத்த ரொனால்டு ஹார்டன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது, என்னுடைய தேர்வறைக்குள் யாரோ ஒருவர் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனது போல இருந்தது. இத்தனைக்கும் அவர் அதை எழுதியது நான் தோற்பதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பு.

அந்தக் காலத்துத் தேர்வு முறையைச் சற்று விளக்க வேண்டும். மாணவர் ஒவ்வொருவருக்கும் வார்டில் ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். அதற்கு லாங் கேஸ் என்று பெயர். முக்கால் மணி நேரம் அவரோடு இருந்து, நோய் எப்படித் தொடங்கியது என்பதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதித்து எழுதி வைக்க வேண்டும். பிறகு தேர்வாளர்கள் கட்டிலருகே வந்து கேள்வி கேட்பார்கள். சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லும் ஷார்ட் கேஸ்களும் வாய்மொழித் தேர்வான வைவாவும் அதற்குப் பின்னால் உண்டு என்றாலும், லாங் கேஸில் கவிழ்ந்தவர் கரையேறுவது அரிது. யாருக்கு எந்த நோயாளி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள்.

எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர் மேலூர்ப் பக்கத்து விவசாயி. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வுக்கென்றே வரவழைக்கப்படும் ‘எக்ஸாம் கேஸ்’ அவர். தடுப்புத் திரைக்கு அப்பால் அவர் என் நண்பனிடம் தணிந்த குரலில் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “தம்பி, எனக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸு. எடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிறேன், மூச்ச வெளிய விட்டு நிப்பாட்டுறேன். அந்தக் குழாயில குமிழ் பக்கத்த லேசா வச்சுக் கேளுங்க. அமுக்குனீங்கன்னா சத்தம் போயிரும்.” அவர் சொன்னதில் ஓர் எழுத்துப் பிழை கூட இல்லை. இதய வால்வு சுருங்குவதால் எழும் அந்தத் தாழ்ந்த முனகலைக் கேட்கப் பாடப்புத்தகம் சொல்லும் வழி அதுவேதான். என் நண்பன் அன்று முதல் மதிப்பெண் வாங்கினான்.

எனக்கு வாய்த்தவர் பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. துணைக்கு வந்த மகன் டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. பாட்டியிடம் எதைக் கேட்டாலும் ஒரு புன்னகை, ஒரு “ம்”. சத்தமாகக் கேட்டேன்; காதருகே குனிந்து கேட்டேன்; கடைசியில் கத்தியே கேட்டேன். வலது கை துவண்டு கிடந்ததைக் கவனித்து எழுதியும் வைத்தேன். ஆனால் முதல் வரியாக நான் எழுதியது, ‘காது கேளாதவர், வரலாறு பெற இயலவில்லை’ என்பது. தேர்வாளர் வந்தார், படித்தார், பாட்டியின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சாவிக் கொத்தைத் தரையில் போட்டார். பாட்டி சட்டென்று திரும்பிப் பார்த்தார். “காது கேக்கலையா, இல்ல புரியலையாப்பா?” என்று தேர்வாளர் கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது. மூளையின் இடப்பக்கம் அடைபட்டு, வலக்கை வலுவிழந்து, பேச்சும் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒருசேரப் போயிருந்த நோயாளி அவர். துவண்ட கையையும் அந்த “ம்” என்ற ஒலியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் எழுதித்தான் தேறினேன்.

நான் செய்தது தவறுதான். அதை மறைக்க எனக்கு இந்த வயதில் அவசியமில்லை. ஆனாலும் ஐந்தாண்டு படித்த ஒருவனின் மொத்தத் தகுதியையும் ஒரே ஒரு கட்டிலருகே வைத்து எடை போடலாமா என்ற கேள்வி எனக்குள் அப்போதே எழுந்தது. அது தோற்றவனின் புலம்பல் என்று நானே அதை அடக்கிக்கொண்டேன். என் நண்பனுக்குப் பேரையூர்ப் பாட்டியும் எனக்கு மேலூர் விவசாயியும் வாய்த்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும் என்று அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

இதே கேள்வியைப் புலம்பலாக வைக்காமல், அளந்து பார்க்கக்கூடிய ஒன்றாக வைத்தவர் ஹார்டன். கிளாஸ்கோவில் மருத்துவம் படித்து, அங்கேயே நாளமில்லாச் சுரப்பி மருத்துவராகத் தேறியவர் அவர். 1960களில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் தைராய்டையும் அயோடினையும் பற்றியவை: இரத்தத்தில் அயோடைடு எவ்வளவு, உமிழ்நீரில் எவ்வளவு, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவு என்ன என்பது போன்றவை. மிகச் சிறிய அளவுகளைத் துல்லியமாக அளப்பதுதான் அந்த வேலையின் உயிர். அளக்கும் கருவியே ஆளுக்கு ஆள் வேறு எண்ணைக் காட்டினால், அதைக் கொண்டு எடுத்த எந்த முடிவுக்கும் மதிப்பில்லை என்பதை அந்தத் துறைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே கண்ணோடு அவரும் கிளாஸ்கோவில் அவருடைய சக மருத்துவர்களும் தேர்வறையைப் பார்த்தார்கள். 1969இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே குறும்பானது: மருத்துவத் தேர்வாளர்களைத் தேர்வுக்கு உட்படுத்துதல் என்று பொருள்படுவது. ஒரே மாணவருக்கு வெவ்வேறு தேர்வாளர்கள் எவ்வளவு வேறுபட்ட மதிப்பெண்கள் போடுகிறார்கள் என்பதை அது ஊர் முன்னால் வைத்தது. ஹார்டனோடு அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் கிளாஸ்கோவின் மருத்துவப் பேராசிரியர் கிரஹாம் வில்சன். தேர்வு மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களே தங்கள் தராசு சரியில்லை என்று ஒப்புக்கொண்டு அச்சில் ஏற்றிய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். நம் ஊரில் ஒரு துறைத் தலைவர் அப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் ஹார்டன், டண்டி பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வி மையத்துக்குப் பொறுப்பேற்றார். டண்டி, வங்காளத்துச் சணலை இறக்கி நூற்றுப் பிழைத்த நகரம். ஹார்வி மில்லைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு, கப்பலில் வந்த சணலை நம்பி வாழ்ந்த ஸ்காட்லாந்து ஊர் ஒன்றைக் கற்பனை செய்வது கடினமாக இராது. அங்கேயிருந்த பல்கலைக்கழகம் 1967இல்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனியாகியிருந்தது. அதன் நைன்வெல்ஸ் மருத்துவமனை 1974இல் திறக்கப்பட்டது. பழைய வழக்கங்களின் பிடி இறுகாத இடத்தில் புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது எளிது என்பது என் ஊகம்.

1975 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வந்தது. ஹார்டன், ஸ்டீவன்சன், டௌனி, வில்சன் ஆகிய நால்வர் எழுதியது. அடிப்படை எண்ணம் மிக எளிமையானது. தேர்வறையில் மாறக்கூடியவை மூன்று: நோயாளி, தேர்வாளர், மாணவர். நாம் அளக்க விரும்புவது மாணவரை மட்டும்தான். அப்படியானால் மற்ற இரண்டையும் முடிந்தவரை நிலையாக நிறுத்த வேண்டும். எல்லா மாணவர்களும் அதே நோயாளிகளைப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் அதே தேர்வாளர்கள், முன்கூட்டியே எழுதி வைத்த அதே அளவுகோலின்படி மதிப்பெண் போட வேண்டும். ஒரு நீண்ட சந்திப்புக்குப் பதிலாகப் பல குறுகிய சந்திப்புகள் இருக்க வேண்டும். வார்டைச் சுற்றி வரிசையாக ஸ்டேஷன்கள். ஒன்றில் நோய் வரலாறு கேட்பது, இன்னொன்றில் வயிற்றை மட்டும் பரிசோதிப்பது, வேறொன்றில் ஆய்வக முடிவைப் படித்துச் சொல்வது. மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓர் இடம் நகர்வார்கள். சில இடங்களில் தேர்வாளரே இருக்கமாட்டார். சற்றுமுன் பார்த்துவிட்டு வந்த நோயாளியைப் பற்றிய கேள்வித்தாள் மட்டும் காத்திருக்கும். பின்னாளில் சுமார் 20 ஸ்டேஷன், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் என்பது வழக்கமான அமைப்பாயிற்று. 1979இல் அவரும் கிளீசன் என்பவரும் இதை விரிவாக எழுதிய பிறகு, ஆஸ்கி என்ற சுருக்கப் பெயரோடு முறை உலகெங்கும் பரவியது.

ஸ்டேஷன் என்றதும் எங்கள் கல்லூரி உதவியாளர் ஒருவர், “எந்த ஸ்டேஷன் சார், திலகர் திடலா?” என்று போலீஸ் ஸ்டேஷனை நினைத்துக் கேட்டார். தேர்வு முடிந்த மாணவர்கள் வெளியே வந்த முகத்தைப் பார்த்தபோது அந்தக் கேள்வி அவ்வளவு தவறாகத் தோன்றவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த கணக்கை, அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. ஒரு நோயாளியிடம் ஒரு மருத்துவர் எவ்வளவு நன்றாகச் செயல்படுகிறார் என்பதைக் கொண்டு, அடுத்த நோயாளியிடம் அவர் எப்படிச் செயல்படுவார் என்று சொல்ல முடியாது என்பதை எல்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் 1978இல் காட்டினார்கள். இதயத்தில் கெட்டிக்காரர் நரம்பில் தடுமாறலாம். நான் நரம்பில் தடுமாறினேன். இதயம் கிடைத்திருந்தால் தடுமாறியிருக்கமாட்டேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஹார்டனின் மற்ற பணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மருத்துவப் பாடத்திட்டம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கு 1984இல் அவரும் வேறு இருவரும் ஆறு அச்சுகளைக் கொண்ட ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் மசாலாச் சாமான்களைக் குறிக்கும் ‘ஸ்பைசஸ்’ என்ற சொல் வரும். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைக்காரர் யாராவது வைத்திருக்க வேண்டிய பெயர். உடற்கூறு, உடலியங்கியல், மருத்துவம் என்று தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கும் பாடங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு 11 படிகள் கொண்ட ஏணி ஒன்றையும் 2000இல் வரைந்தார். ‘மெடிக்கல் டீச்சர்’ இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். ஐரோப்பிய மருத்துவக் கல்விச் சங்கத்தின் பொதுச் செயலாளராக இருந்து, டண்டியிலிருந்தே அதை உலகளாவிய அமைப்பாக வளர்த்தார். இவையெல்லாம் பெரிய பணிகளே. ஆனால் வார்டில் நிற்கும் ஒரு மாணவரின் விதியை நேரடியாக மாற்றியது அந்த 1975ஆம் ஆண்டுக் கட்டுரைதான்.

பிரிட்டனில் பொது மருத்துவ உயர்தகுதிக்கான எம்.ஆர்.சி.பி. தேர்வு கூட 2001இல் பழைய லாங் கேஸைக் கைவிட்டு, 20 நிமிடம் வீதம் ஐந்து ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றிலும் தனித்தனியே மதிப்பெண் போடும் இரண்டு தேர்வாளர்கள் என்ற அமைப்புக்கு மாறியது. நம் நாட்டில் 2019இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்த பிறகு, நோயாளியிடம் பேசும் முறையையும் பாடமாக்கி, அதைச் சோதிக்க ஆஸ்கியைப் பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். டண்டியில் தொடங்கியது எங்கள் வார்டுத் தாழ்வாரத்துக்கு வந்து சேர 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நாங்கள் 12 ஸ்டேஷன்கள் வைத்தோம். அவற்றில் ஒன்றுக்கு நடிக்கும் நோயாளி தேவைப்பட்டார். இந்த யோசனையும் ஒரு மருத்துவருடையதுதான். 1960களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நலமாக உள்ள ஒருவரை நோயாளி போல நடிக்கப் பயிற்றுவித்து மாணவர்களைச் சோதித்தார். அவர் எங்கே ஆள் பிடித்தாரோ, நமக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்பெஷல் நாடகத்தின் தலைநகரமே மதுரைதான். பங்குனி, சித்திரையில் விடிய விடிய மேடையேறும் கலைஞர்கள் ஐப்பசி மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் 50 வயதை நெருங்கும் ஒரு நாடகக் கலைஞர் வந்தார். அந்த அம்மாவுக்கு நாங்கள் கொடுத்த வேடம், மாத்திரையில் கட்டுப்படாத சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட வேண்டும் என்று மாணவர் எடுத்துச் சொல்ல வேண்டும். “ஊசி போட ஆரம்பிச்சா அப்பறம் நிப்பாட்டவே முடியாதாமுல்ல?” என்பது அந்த அம்மாவின் முக்கிய வசனம்.

முதல் நான்கு மாணவர்களிடம் அதைக் கவலையோடு கேட்டார். ஐந்தாவது மாணவியிடம் கண் கலங்கினார். ஒன்பதாவது மாணவன் உள்ளே வந்தபோது, மயான காண்டத்துச் சந்திரமதி போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அந்தப் பையன் இன்சுலினை மறந்து, தண்ணீர் எடுத்துவர ஓடினான். நாங்கள் இடையில் புகுந்து, எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அம்மா என்று கேட்டுக்கொண்டோம். “ஒரே வசனத்த 24 பேருகிட்ட ஒரே மாதிரி பேசச் சொல்றீங்க. எதுக்க நிக்கிற ராஜபார்ட் மாறுனா எம் பேச்சும் மாறத்தானய்யா செய்யும்?” என்றார் அவர். ஆஸ்கியின் ஆணிவேரையே பிடித்து உலுக்கும் கேள்வி அது. அன்று மணி அடிக்க வேண்டிய உதவியாளர் செல்போன் பேசப் போய்விட்டதில், ஈ.சி.ஜி. ஸ்டேஷனில் நின்ற மாணவனுக்கு 5 நிமிடத்துக்குப் பதில் 8 நிமிடம் கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மதிய உணவின்போது அந்த அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் முக்கியம். “மார்க்கு போடுறது நீங்க. ஆனா மொதல்ல வந்த பொண்ணும் ஏழாவதா வந்த பையனுந்தான் எம் மூஞ்சியப் பாத்துப் பேசுனாக. மத்தவுக எல்லாம் மனசுக்குள்ள எதையோ எண்ணிக்கிட்டே பேசுனாக.” எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டால் 1, கை கழுவினால் 1, சந்தேகம் உண்டா என்று கேட்டால் 1 என்று எங்கள் செக்லிஸ்ட் இருந்தது. அந்தப் பட்டியல் மாணவர்களுக்கு எப்போதும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. அந்த அம்மா குறிப்பிட்ட ஏழாவது பையனின் தாளை எடுத்துப் பார்த்தேன். 20க்கு 11. ஊசி போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை. ‘உங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்காம்மா’ என்று கேட்டு, இல்லை என்றதும் மண்பானையில் வைத்துப் பாதுகாக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்திருந்தான். எங்கள் பட்டியலில் மண்பானைக்கு மதிப்பெண் இல்லை.

இது எங்கள் கல்லூரியின் குறை மட்டுமன்று. டொரண்டோவில் ஹாட்ஜஸும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள மருத்துவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் மாணவர்களையும் ஒரே ஆஸ்கியில் உட்காரவைத்தார்கள். செக்லிஸ்ட் மதிப்பெண்ணில் அனுபவசாலிகள்தான் கடைசியில் நின்றார்கள். மொத்தத்தில் இவர் எப்படி என்று தேர்வாளர் ஒரே பார்வையில் போட்ட மதிப்பெண்ணில் அவர்களே முன்னால் நின்றார்கள். கைதேர்ந்தவர் எல்லாக் கேள்வியையும் கேட்பதில்லை; தேவையான நான்கைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார். தேர்வாளரின் மனப்போக்கை வெளியே தள்ளுவதற்காகக் கொண்டுவந்த முறையில், தேர்ந்த தேர்வாளரின் கண்ணுக்கு மறுபடியும் ஓர் இருக்கை போட வேண்டியதாயிற்று. இன்று நல்ல ஆஸ்கிகளில் பட்டியலோடு இந்த மொத்த மதிப்பீடும் சேர்ந்தே இருக்கிறது. அடுத்த முறை நாங்களும் சேர்க்கப் போகிறோம்.

அதனால் லாங் கேஸே மேல் என்று சொல்லும் என் வயது நண்பர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு மனிதரோடு முக்கால் மணி நேரம் உட்காரும் பழக்கத்தை அது கொடுத்தது என்பது உண்மை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும் தேர்வில் வளர்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை எங்கள் காலத்தில் யார் பார்த்தார்கள்? தேர்வாளர்கள் வந்ததே கடைசியில்தான். நான் பாட்டியின் காதில் கத்தியதை எவரும் பார்க்கவில்லை. என் நண்பன் மேலூர்க்காரர் சொன்னதை அப்படியே எழுதியதையும் எவரும் பார்க்கவில்லை. ஆஸ்கியில் மாணவர் நோயாளியைத் தொடும் கணத்தில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹார்டனுக்கு நான் கடன்பட்டிருப்பதாக நினைப்பது இந்த ஒன்றுக்காகத்தான்.

மாசியில் நடக்கவிருக்கும் தேர்வுக்கு ஒரு புதிய ஸ்டேஷன் எழுதியிருக்கிறேன். நோயாளி: வலது கை துவண்ட, எதைக் கேட்டாலும் “ம்” என்று சிரிக்கிற ஒரு மூதாட்டி. கேள்வி: இவரிடமிருந்து வரலாறு பெற முடியாததற்குக் காரணம் என்ன? நேரம்: 5 நிமிடம். வேடத்துக்கு அந்த அம்மாவையே மறுபடியும் கேட்டேன். “வசனமே இல்லையாய்யா?” என்று முதலில் முகம் சுளித்தார். பிறகு சிறிது நேரம் யோசித்துவிட்டு, “காது கேக்காதவ மூஞ்சிக்கும் பேச்சு புரியாதவ மூஞ்சிக்கும் என்ன வித்தியாசம்? அதச் சொல்லிட்டீங்கன்னா செஞ்சுருவேன்” என்றார். 42 ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கும் எனக்கே அதைச் சொல்லில் வடிக்கத் தெரியவில்லை. பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒருவர் எங்கள் வார்டில் இருக்கிறார். அவர் குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை காலை அந்த அம்மா வந்து, அவர் கட்டிலருகே முக்கால் மணி நேரம் உட்காரப் போகிறார்.